கர்னல் எழுதும் கணக்கு நோட்டு: இன்டரப்ட் எண்களை எப்படிப் படிப்பது?

"சார், நாலு கோடி இன்டரப்ட் வந்திருக்கு சார். வைரஸா இருக்குமோ?"

மன்னார்குடிப் பையன் ஒருவன், கல்லூரி மூன்றாம் வருடம், லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டான். லினக்ஸ் போட்ட லேப்டாப். திரை முழுக்க எண்கள். "சிஸ்டம் ஸ்லோவா இருந்தா இந்த ஃபைலைத் திறந்து பாருங்க, பெரிய நம்பர் இருந்தா அதுதான் பிரச்சினை" என்று ஏதோ ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். திறந்தான், பெரிய நம்பர் இருந்தது, பயந்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களே இதைக் குழப்பித்தான் பேசுகிறார்கள். "அந்த புரோகிராமுக்கு இன்டரப்ட் வருது" என்பார்கள். நாம் ஓட்டும் எந்த புரோகிராமுக்கும் ஹார்டுவேர் இன்டரப்ட் நேராக வருவதில்லை. "இன்டரப்ட் கம்மியா இருந்தா நல்லது" என்பார்கள். அதுவும் பாதிதான் சரி. நம் கைக்கு வருவது இன்டரப்டைப் பற்றிய கணக்கு மட்டும். அந்தக் கணக்கு எங்கே உருவாகிறது, யார் எழுதுகிறார்கள், எப்படிப் படிப்பது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ராத்திரியில் மோட்டார் போட எழுந்த அனுபவம் இருந்தால் கூடுதல் வசதி.

ராத்திரி கரண்டு எப்போது வரும்?

என் சின்ன வயதில் எங்கள் வயலில் போர் மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு முறை வைத்துத்தான் வரும். பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம். எத்தனை மணிக்கு என்று உறுதியில்லை. அப்பா மோட்டார் கொட்டகை வாசலில் அந்த மூன்றாவது பேஸில் ஒரு குண்டு பல்பை மாட்டி வைத்திருந்தார். திண்ணையில் படுத்திருப்பார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வயல் பக்கம் பார்ப்பார். பல்பு எரிந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எரியாவிட்டால் திரும்பப் படுப்பார். தூக்கமும் கெட்டது. சில நாள் அவர் கண் அசந்த அரை மணியில்தான் கரண்டு வந்து போயிருக்கும்.

இப்போது பலர் சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். கரண்டு வந்ததும் அதுவே போன் அடித்துச் சொல்லும். அதுவரை நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்பா செய்ததற்குக் கணினி மொழியில் போலிங் என்று பெயர்: வேலை இருக்கிறதா என்று நாமே திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. ஸ்டார்ட்டர் செய்வதுதான் இன்டரப்ட். ஒரு கருவி தானே முன்வந்து, "இங்கே ஒன்று நடந்திருக்கிறது, கவனி" என்று சிபியுவுக்குக் கொடுக்கும் சைகை. தமிழில் குறுக்கீடு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் மனக்குறை உண்டு, அழைக்காமல் மூக்கை நுழைப்பது போலத் தொனிக்கிறது. உண்மையில் இது நாமே கேட்டு வைத்த அழைப்பு.

யோசனை புதிதல்ல. 1954ல் அமெரிக்காவில் கட்டி முடித்த டைசியாக் என்ற கணினியிலேயே வெளிக்கருவிகள் இப்படிச் சிபியுவை அழைக்கும் ஏற்பாடு இருந்தது. இன்று உங்கள் கையிலிருக்கும் போனில் திரையைத் தொட்டால் ஓர் இன்டரப்ட், வைஃபையில் தகவல் வந்து சேர்ந்தால் ஓர் இன்டரப்ட், கடிகாரம் அடித்தால் ஓர் இன்டரப்ட்.

போனை எடுப்பவர் ஒருவர்தான்

கூட்டுக் குடும்ப வீட்டில் லேண்ட்லைன் இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். போன் அடித்தால் தாத்தாதான் எடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. எடுத்து, யார் என்று கேட்டு, விஷயத்தை வாங்கிக்கொண்டு, பிறகு யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்வார்.

கணினியில் அந்தத் தாத்தா, கர்னல். சிபியு, நினைவகம், கருவிகள் எல்லாவற்றின் மீதும் முழு அதிகாரமுள்ள, இயங்குதளத்தின் மையப் பகுதி. வீட்டின் மற்ற எல்லோரும், அதாவது பிரவுசர், பாட்டு பிளேயர், நீங்கள் எழுதும் பைத்தான் புரோகிராம், குடியிருக்கும் இடத்துக்குப் பெயர் யூசர்ஸ்பேஸ். அங்கிருந்து ஹார்டுவேரைத் தொட முடியாது. எது வேண்டுமானாலும் கர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு பைத்தான் புரோகிராம் உளறினால் அது மட்டும் விழ வேண்டும், மொத்த வீடும் விழக்கூடாது என்பதற்காகப் போட்ட சுவர் இது.

இன்டரப்ட் வந்ததும் சிபியு கையிலிருக்கும் கட்டளையை முடிக்கும். எங்கே விட்டோம் என்பதைக் குறித்து வைக்கும். கர்னலில் அந்தக் கருவிக்கென்று பதிவு செய்த சிறிய நிரலுக்குத் தாவும். அந்த நிரலின் பெயர் ஹேண்ட்லர். அது முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பிவிடும். நடுவில் ஓடிக்கொண்டிருந்த உங்கள் புரோகிராமுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நீங்கள் ஒரு வாக்கியம் அடித்து முடிப்பதற்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடந்திருக்கும்.

எந்தக் கருவி அழைக்கிறது என்று எப்படித் தெரியும்? தாத்தாவின் போனில் "மேல வயல் மோட்டார்" என்று நம்பரைச் சேமித்து வைத்திருப்பது போல, லினக்ஸில் ஒவ்வோர் இன்டரப்டுக்கும் ஓர் எண் உண்டு. ஐஆர்க்யூ எண் என்பார்கள். 1984ல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் இப்படிக் கருவிகளுக்குக் கொடுக்க 15 தடங்கள்தான் இருந்தன. அன்றைக்கு விசைப்பலகைக்குக் கொடுத்த 1 என்ற எண் இன்றைய பல லேப்டாப்களிலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. போனில் நெடுநேரம் பேசினால் அடுத்த அழைப்பு உள்ளே வராது. அதனால் ஹேண்ட்லர் அவசர வேலையை மட்டும் செய்துவிட்டு வைத்துவிடும். மீதியைச் சற்றுப் பின்னால் செய்யும்படி ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்கிய வேலைக்கு சாஃப்ட்ஐஆர்க்யூ என்று பெயர். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையில் சிபியு வரியில் ஹெச்ஐ, எஸ்ஐ என்று இரண்டு சதவீதங்கள் வருமே, முதலாவது ஹேண்ட்லருக்குப் போன நேரம், இரண்டாவது ஒதுக்கிய வேலைக்குப் போன நேரம்.

இதுவரை: கருவி அழைக்கிறது, சிபியு நிற்கிறது, கர்னல் போனை எடுக்கிறது. யூசர்ஸ்பேஸ் இந்தக் காட்சியிலேயே இல்லை. அப்படியானால் அந்தப் பையன் எதைப் பார்த்தான்?

ஆணியில் தொங்கும் நோட்டு

மேட்டூர் ஷட்டரை நாம் யாரும் தூக்க முடியாது. ஆனால் கடைமடைக்காரரும் காலையில் பேப்பரைப் பிரித்ததும் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எத்தனை கன அடி என்று பார்த்துவிடுவார். மொத்த உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஜூன் 12 திறப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சு அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. ஷட்டர் அவர்கள் கையில், எண் நம் கையில்.

கர்னலும் அதையேதான் செய்கிறது. ஒவ்வொரு முறை போனை எடுக்கும்போதும் அந்த எண்ணுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிடும். அந்த நோட்டை யூசர்ஸ்பேஸ் படிப்பதற்காக ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறது. அந்த ஆணியின் பெயர் ப்ராக் கோப்புறை. அதற்குள் இன்டரப்ட்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு. கோப்பில் இருப்பதைத் திரையில் காட்டும் கேட் என்ற கட்டளையைக் கொடுத்தால் விரியும். பையன் திறந்தது இதைத்தான்.

கோப்பு என்று சொன்னாலும் வன்தட்டில் எங்கே தேடினாலும் இது கிடைக்காது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் அளவைப் பார்த்தால் 0 பைட் என்று காட்டும். ஆனால் திறந்தால் பக்கம் பக்கமாக வரும். காரணம், நீங்கள் கேட்கும் அந்தக் கணத்தில்தான் கர்னல் தன் உள்கணக்கைப் பார்த்து எழுத்தாக்கித் தருகிறது. பாசனப் பிரிவு அலுவலகத்தில் போய்க் கேட்டால் எழுத்தர் எழுந்து போய் அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்து சீட்டில் எழுதித் தருவது மாதிரி.

கேட்கும்போதெல்லாம் எழுந்து போக வேண்டும் என்பதால் இதற்கும் செலவு உண்டு. வீட்டு லேப்டாப்பில் அது ஒன்றுமேயில்லை. நூற்றுக்கணக்கான கோர்களும் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிக்குக் கோர் என்று பெயர்) ஆயிரக்கணக்கான இன்டரப்டுகளும் உள்ள சர்வரில், எல்லாக் கோர்களின் கணக்கையும் ஒவ்வொன்றாகக் கூட்டியாக வேண்டும். கண்காணிப்பு மென்பொருள்கள் வேறு இதையும், இதன் மொத்தத் தொகையைத் தரும் ஸ்டாட் என்ற பக்கத்துக் கோப்பையும் ஓயாமல் படிக்கும். 2019ல் லினக்ஸ் கர்னலை எழுதுபவர்களில் ஒருவரான தாமஸ் கிளைக்ஸ்னர், ஒவ்வோர் இன்டரப்டுக்கும் மொத்தக் கணக்கைத் தனியாகவே வைத்துக்கொள்ளும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஸ்டாட் கோப்பைக் கேட்கும்போது ஒவ்வொரு கோராகக் கூட்டுவதை அது பெருமளவு குறைத்தது. பார்ப்பதால் பார்க்கப்படும் பொருளுக்கே சுமை ஏறுவது கணினியில் ஒன்றும் அபூர்வமில்லை.

ஒரே ஒரு வரி

நோட்டிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நாலு கோர் உள்ள லேப்டாப்பில் ஏறக்குறைய இப்படி இருக்கும் (திரையில் ஆங்கில எழுத்தில் வருவதை உச்சரிப்புப்படி தருகிறேன்):

1:   0   0   31416   0   ஐஓ-ஏபிக்   1-எட்ஜ்   ஐ8042

இடது ஓரத்து 1, ஐஆர்க்யூ எண். அடுத்த நாலு எண்களும் நாலு கோர்களுக்கானவை. இங்கே மூன்றாவது கோர் மட்டும் 31,416 முறை போனை எடுத்திருக்கிறது, மற்ற மூன்றும் ஒருமுறைகூட எடுக்கவில்லை. ஐஓ-ஏபிக் என்பது அழைப்புகளை வாங்கி எந்தக் கோருக்கு அனுப்புவது என்று பார்க்கும் சில்லு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. எட்ஜ் என்றால் கதவை ஒருமுறை தட்டிவிட்டு நிற்கும் வகை. லெவல் என்று இன்னொரு வகை உண்டு, யாராவது வந்து கவனிக்கும்வரை காலிங் பெல்லில் வைத்த கையை எடுக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும். வலது ஓரத்து ஐ8042, போனை எடுக்கப் பதிவு செய்துகொண்ட டிரைவரின் பெயர். டிரைவர் என்பது ஒரு குறிப்பிட்ட கருவியோடு பேசத் தெரிந்த கர்னல் துண்டு. ஐ8042 விசைப்பலகைக்கானது.

இதை நீங்களே சோதிக்கலாம். வாட்ச் கட்டளையில் இந்தக் கோப்பைப் போட்டு நொடிக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்லுங்கள். 1 என்ற வரியில் கண்ணை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள். 31416 இருந்தது 31418 ஆகும். ஒரு தட்டுக்கு ஏன் இரண்டு? அழுத்தியதற்கு ஒன்று, விரலை எடுத்ததற்கு ஒன்று. அழுத்தியபடியே இருந்தால் எண் விடாமல் ஏறும், ஏனென்றால் விசைப்பலகை அதே விசையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. விரல் நுனிக்கும் கர்னலுக்கும் நடுவே நடப்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. முதல்முறை பார்த்த அன்று அரை மணி நேரம் இதையே தட்டிக்கொண்டிருந்தேன். யூஎஸ்பி விசைப்பலகையாக இருந்தால் இந்த வரி அசையாது. அதன் அழைப்பெல்லாம் யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லின் வரியில் ஏறும்.

எண்ணிடாத வரிகளும் கீழே நிறைய வரும். எல்ஓசி என்பது ஒவ்வொரு கோரும் தனக்கென்று வைத்திருக்கும் கடிகாரம். ஆர்ஈஎஸ் என்பது ஒரு கோர் இன்னொரு கோரை "உனக்கு வேலை வந்திருக்கிறது" என்று எழுப்புவது. மற்றவை தொடக்கக்காரருக்கு இப்போது வேண்டாம்.

ரீடிங்கும் பில்லும் ஒன்றல்ல

இனி நாலு கோடிக்கு வருவோம். பையன் பயந்தது எல்ஓசி வரியைப் பார்த்து.

வீட்டு மின்மீட்டரில் 18,450 என்று இருந்தால் யாரும் மயங்கி விழுவதில்லை. போன ரீடிங்கைக் கழித்தால்தான் இந்த முறை எவ்வளவு ஓடியது என்று தெரியும். இன்டரப்ட் எண்ணும் அப்படித்தான். கணினியை பூட் செய்த கணத்திலிருந்து ஏறிக்கொண்டே வரும் மொத்தம் அது. பல கர்னல்களில் கடிகாரத்தை நொடிக்கு 250 முறை என்று அமைத்திருப்பார்கள், சிலவற்றில் 1000. 250 என்றே வைத்தாலும், ஓய்வில்லாமல் வேலை செய்யும் ஒரு கோரில் மணிக்கு 9 லட்சம். நாலு கோடிக்கு ஏறக்குறைய 44 மணி நேரம் போதும். அவன் மூன்று வாரமாக லேப்டாப்பை அணைக்கவே இல்லை, மூடி மூடித்தான் வைத்திருக்கிறான். தூங்க வைப்பதால் கணக்கு பூஜ்யத்துக்குப் போகாது.

ஆகவே இரண்டு முறை எடுத்துக் கழிக்க வேண்டும். அந்தக் கழித்தலைச் செய்து தருவதற்கே விஎம்ஸ்டாட் என்ற கட்டளை இருக்கிறது. அதில் ஐஎன் என்ற பத்தி நொடிக்கு எத்தனை இன்டரப்ட் என்று காட்டும். ஒரு சூட்சுமம்: விஎம்ஸ்டாட் கொடுக்கும் முதல் வரி பூட் செய்ததிலிருந்தான சராசரி. இப்போதைய நிலவரம் இரண்டாம் வரியிலிருந்துதான். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண் குறைந்தால் வேலை குறைந்ததா?

தை, மாசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். சீசன் தொடங்குமுன் ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்தால் உள்ளேயிருந்து ஆள் வருவார். அறுவடை உச்சத்தில் ரோடு வரை வரிசை நிற்கும்போது யார் ஹாரனைக் கேட்கிறார்கள்? ஒன்று முடிந்தால் அடுத்தது என்று அவர்களே வரிசையாகப் போய்க்கொண்டிருப்பார்கள். ஹாரன் சத்தம் இல்லை, வேலை மட்டும் பல மடங்கு.

லினக்ஸின் நெட்வொர்க் பகுதியும் இதையே செய்கிறது. நாபி என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். தகவல் பொட்டலங்கள் வந்து குவியத் தொடங்கினால், முதல் அழைப்பை எடுத்ததும் அந்தக் கார்டின் இன்டரப்டை அணைத்துவிடும். பிறகு ஒரு சுற்றுக்கு வழக்கமாக 64 பொட்டலங்கள் வரை என்று கர்னலே போய் அள்ளும். வரிசை காலியானதும் திரும்ப இன்டரப்டை இயக்கிவிடும். அப்பாவின் பழைய போலிங்தான், நெரிசலில் அதுவே லாபம்.

ஆக, நோட்டில் நெட்வொர்க் கார்டின் எண் மெதுவாக ஏறினால் போக்குவரத்து இல்லை என்று அர்த்தமாகாது. அதைத் தெரிந்துகொள்ள அதே ஆணியில் சாஃப்ட்ஐஆர்க்யூஸ் என்று இன்னொரு நோட்டு தொங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்லணையில் பிரிப்பது போல

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிறது. ஒரே ஆற்றில் எல்லாவற்றையும் விட்டால் அது உடைத்துக்கொள்ளும், மற்ற பக்கம் காயும். இன்டரப்டிலும் அதே கதை. எல்லா அழைப்பும் ஒரே கோருக்குப் போனால் அது மூச்சுத் திணறும், மற்றவை சும்மா இருக்கும்.

எந்த ஐஆர்க்யூ எந்தக் கோருக்குப் போகலாம் என்ற அமைப்புக்கு அஃபினிட்டி என்று பெயர். இதுவும் ஒரு கோப்பாகவே தொங்குகிறது: ப்ராக் கோப்புறைக்குள் ஐஆர்க்யூ, அதற்குள் அந்த எண், அதற்குள் எஸ்எம்பி அஃபினிட்டி லிஸ்ட். ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு நிர்வாக அதிகாரம், உள்ளவர் அதில் 2-3 என்று எழுதினால், இனி 2, 3 என்ற எண்ணுள்ள கோர்கள்தான் அந்தப் போனை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதாகப் பொருள்.

"கேட்டுக்கொள்வது" என்று எண்ணித்தான் எழுதினேன். விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுப்பது போலத்தான் இது. சில இன்டரப்டுகளுக்குக் கர்னல் மனுவை வாங்கவே மறுக்கும். வாங்கினாலும் இரண்டு கோர் கேட்ட இடத்தில் ஒன்றுக்கு மட்டும் அனுப்பலாம். கடைசியில் தண்ணீர் எந்த வாய்க்காலில் ஓடியது என்பதை எஃபெக்டிவ் அஃபினிட்டி என்ற பக்கத்துக் கோப்பு சொல்லும். மனுவைப் பார்த்துவிட்டு வயலைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

பல சர்வர்களில் ஐஆர்க்யூபேலன்ஸ் என்ற மென்பொருள் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். அது கர்னலின் பகுதி அல்ல, யூசர்ஸ்பேஸில் ஓடும் சாதாரண புரோகிராம்தான். அவ்வப்போது நோட்டைப் படிக்கும், எந்தக் கோர் திணறுகிறது என்று பார்க்கும், அஃபினிட்டி கோப்பில் எழுதும். கணக்கை வெளியே கொடுத்ததால் விளைந்த நேரடிப் பயன் இது. எப்படிப் பிரிப்பது என்ற கொள்கையைக் கர்னலுக்குள் பூட்டி வைக்காமல் வெளியே விட முடிந்தது.

இத்தனை நாள் தேவைக்கேற்ப ஒட்டிக்கொண்டே வந்த நோட்டு என்பதால் அதன் வடிவம் மனிதக் கண்ணுக்குத்தான் தோதானது. கோர்கள் கூடினால் வரி நீண்டு மடங்கும், நிரல் வைத்துப் பிரித்தெடுப்பது தலைவலி. அதனால் 2016ல், 4.9 கர்னலிலிருந்து, ப்ராக் போலவே கர்னல் தொங்கவிட்டிருக்கும் சிஸ் என்ற இன்னொரு கோப்புறையில் ஒவ்வோர் இன்டரப்டுக்கும் தனி அறை கொடுத்தார்கள். சில்லின் பெயர் ஒரு கோப்பு, டிரைவர்களின் பெயர் ஒரு கோப்பு, கோர்வாரியான கணக்கு ஒரு கோப்பு. மென்பொருள் எழுதுபவர் அங்கே போவது நல்லது.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது: நோட்டைப் பெரும்பாலும் யாரும் படிக்கலாம், அஃபினிட்டியில் எழுத அதிகாரம் வேண்டும், எழுதியதெல்லாம் நடக்கும் என்று நிச்சயமில்லை.

போனையே கையில் கொடுத்தால்?

கணக்கு மட்டும் போதாது, அழைப்பு வந்த கணத்திலேயே எனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கும் புரோகிராம்களும் உண்டு. தொழிற்சாலைக் கருவி ஒன்றுக்கான டிரைவரை யூசர்ஸ்பேஸிலேயே எழுதுபவர்கள் அப்படிக் கேட்பார்கள். அவர்களுக்காக 2007ல், 2.6.23 கர்னலில், யூஐஓ என்ற வழி வந்தது.

நடப்பது எளிமையானது. புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்து ரீட் கொடுக்கும். படிக்க ஒன்றும் இல்லை என்பதால் கர்னல் அதைத் தூங்க வைத்துவிடும். இன்டரப்ட் வந்ததும் வழக்கம்போலத் தாத்தாதான் எடுப்பார், ஆனால் உடனே புரோகிராமை எழுப்பி ஓர் எண்ணைக் கையில் கொடுப்பார்: இதுவரை மொத்தம் எத்தனை அழைப்பு என்ற 32 பிட் எண். போனமுறை 7, இந்தமுறை 8 என்றால் சரி. 7லிருந்து 10க்குத் தாவியிருந்தால் நடுவில் இரண்டு அழைப்புகளைத் தவறவிட்டோம் என்று அர்த்தம். எண்ணைக் கொடுப்பதிலேயே இந்தச் செய்தியும் ஒளிந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2012ல் 3.6 கர்னலோடு வந்த விஎஃப்ஐஓ இன்னும் பாதுகாப்பான ஏற்பாடு, மெய்நிகர் கணினிகளுக்கு நிஜக் கருவியைக் கொடுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இங்கேயும் முதலில் போனை எடுப்பது கர்னல்தான். எழுப்பிச் சொல்வது மட்டும்தான் புதிது.

நோட்டை யார் யார் படிக்கலாம்?

விசையைத் தட்டினால் எண் இரண்டு ஏறியதைப் பார்த்தோம் அல்லவா, அதையே இன்னொரு பக்கமிருந்து யோசியுங்கள். அதே கணினியில் வேறு பயனராக நுழைந்திருப்பவரும் அந்த எண்ணைப் பார்க்க முடிந்தால், நீங்கள் எந்த விசையைத் தட்டினீர்கள் என்று தெரியாது, ஆனால் எப்போது தட்டினீர்கள் என்று தெரியும். தட்டுகளுக்கு இடையிலான இடைவெளியை வைத்தே பாஸ்வேர்டைப் பற்றிக் கொஞ்சம் ஊகிக்கலாம்.

வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016ல் ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டு போனில் இந்த ஒரு கோப்பை மட்டும் படித்து, திரையில் போடும் அன்லாக் கோலத்தையும் எந்தச் செயலி திறந்திருக்கிறது என்பதையும் ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். ப்ராக் கோப்புகளைச் செயலிகள் இஷ்டத்துக்குப் படிக்க முடியாதபடி ஆண்ட்ராய்டில் பிற்பாடு பூட்டு விழுந்தது. மேசைக் கணினி லினக்ஸில் இன்றும் பொதுவாக எல்லோரும் படிக்கலாம். எனக்கு இதில் இரட்டை மனம்தான். பூட்டினால் பழுது பார்ப்பவர் கை கட்டிப்போகும்.

யாருமே எடுக்காத போன்

பழுது பார்ப்பதற்கு இது எப்படி உதவுகிறது என்று ஒரு நிகழ்ச்சி. கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ். காலையில் நன்றாக ஓடும், சில மணி நேரத்தில் மவுஸ் விக்கி விக்கி நகரத் தொடங்கும், யூஎஸ்பி பிரின்டர் படுத்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். பிறகு திரும்பவும்.

"மழை பேஞ்சா இப்படித்தான் ஆவுது தம்பி. ஈரம் இறங்குதோ என்னவோ" என்றார். மவுஸை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்.

டிமெசேஜ் கட்டளையில் கர்னலின் நாட்குறிப்பைப் பார்த்தேன். "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு" என்று ஒரு வரி. யாரும் கண்டுகொள்ளவில்லை என்று கர்னலே புலம்பியிருக்கிறது. அதன் கீழே, "டிசேபிளிங் ஐஆர்க்யூ 16". நோட்டைத் திறந்தால் 16 என்ற வரியில் யூஎஸ்பி டிரைவரின் பெயர் மட்டும் இருந்தது. எண் ஒரு லட்சத்துச் சொச்சத்தில் நின்றுவிட்டது, மவுஸை எவ்வளவு ஆட்டினாலும் ஏறவில்லை.

நடந்தது இதுதான். கணினிக்குள் செருகும் பழைய பிசிஐ கார்டுகள் ஒரே தடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், பல வீட்டுக்கு ஒரே லைன் கொடுத்த பார்ட்டி லைன் போன் மாதிரி. அவை லெவல் வகை, பெல்லிலிருந்து கையை எடுக்காது. 16ல் யூஎஸ்பியோடு இன்னொரு கார்டும் அழைக்கிறது, ஆனால் அதன் சார்பில் போனை எடுக்க எந்த டிரைவரும் பதிவு செய்யவில்லை. யூஎஸ்பி டிரைவர் எடுத்துப் பார்த்து "எனக்கில்லை" என்று வைத்துவிடும், உடனே திரும்ப அடிக்கும். ஒரு லட்சம் அழைப்பில் 99,900க்கு மேல் யாருக்கும் இல்லாதவையாக இருந்தால், கணினி மூச்சு முட்டிச் சாகாமலிருக்க கர்னல் அந்தத் தடத்தையே வெட்டிவிடும். வெட்டிய பிறகு நொடிக்கு பத்து முறை மட்டும் தானே போய் எட்டிப் பார்க்கும். மவுஸ் விக்கியது அதனால்தான். எட்டிப் பார்க்கும் அந்தப் பத்து முறையில்தான் அம்புக்குறி நகர்ந்தது.

"அண்ணே, உள்ள கூடுதலா ஏதாவது கார்டு போட்டிருக்கீங்களா?"

"நம்மகிட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் இருந்துச்சில்ல, அதுக்கு ஒண்ணு போட்டாங்க. பிரின்டரை வித்து ஆறு வருஷமாச்சு."

கேபினெட்டைத் திறந்து அந்தக் கார்டைப் பிடுங்கினோம். பூட் செய்து நோட்டைத் திறந்து மவுஸை ஆட்டியபோது 16ஆம் வரி நிதானமாக ஏறியது, நின்றால் நின்றது. அந்தக் கார்டு இப்போது அவர் மேசையில், ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஏ4 தாள்கட்டின் மேல் கிடக்கிறது.